சனிக்கிழமைத் தலைவலி

"கையைத் தூக்குங்க சார்" என்றார் எஸ்தர்.

தூக்கினேன். லாரியில் சரக்குக் கட்டும் தடித்த நைலான் கயிற்றை என் இரண்டு அக்குள்களுக்கும் அடியில் சுற்றி, முதுகுப் பக்கம் முடிச்சுப் போட்டார். பிறகு முழு பலத்தோடு ஒரு இழு இழுத்துப் பார்த்தார். எனக்கு விலா எலும்பு நெரிந்தது.

"மூச்சு முட்டுது எஸ்தர்."

"முட்டட்டும். உள்ள போய் அவுந்துக்கறதுக்கு இது தேவல."

காலை பத்து மணி இருக்கும். கார்த்திகை மழை ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் ஓயாமல் கொட்டிக்கொண்டிருந்தது. எதிரே, தரையில் பதித்த ஓர் இரும்புத் தொட்டி. ஒரு ஆள் உயரத்துக்கு மேலே ஆழம். உள்ளே இறங்க ஒரு ஏணி சாத்தியிருந்தது. கயிற்றின் மறுமுனை தலைக்கு மேலே ஓடும் உத்தரத்தின் மீது ஏறி இறங்கி, இந்தப் பக்கம் நான்கு பேர் கையில் இருந்தது.

அந்த நான்கு பேரில் முதல் ஆள் பெருமாள். வாராவாரம் இந்தத் தொட்டிக்குள் இறங்குகிறவர். இன்று அவருக்குப் பதிலாக நான் இறங்கப் போகிறேன் என்பதை அவரால் இன்னும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. "வேணாம் சார்" என்று ஐந்தாவது தடவையாகச் சொன்னார்.

சற்றுத் தள்ளி, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார் எங்கள் மேனேஜர் ராமநாதன். அவர் முகத்தில் கோபம் இல்லை. டெலிவரிக்கு நேரமாகிறதே என்ற கவலைதான் இருந்தது.

பராமரிப்பு சூப்பர்வைசராக இருந்த நான் எப்படிப் பாதுகாப்பு வேலைக்கு வந்தேன் என்று சென்ற வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்தார். அந்தக் கயிற்றில்தான் வந்தேன். அதைச் சொல்வதற்கு ஏணியில் கால் வைக்கும் முன் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஒற்றைச் சாலைக் காலம்

இன்று ஒரகடம் என்றதும் நினைவுக்கு வருகிற அகலச் சாலையும், வரிசையாக நிற்கிற தொழிற்சாலைகளும், ஷிப்ட் பஸ்களும் அப்போது இல்லை. ஏரி, நெல், பனைமரம், நடுவே ஓர் ஒற்றைச் சாலை. அதன் ஓரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கம்பெனிகள்.

எங்கள் கம்பெனி அவற்றில் ஒன்று. ஸ்கூட்டர்களுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் தகட்டுப் பாகங்கள் அடித்து, பெயிண்ட் பூசி அனுப்புவோம். சென்னையில் இருந்த ஒரு பெரிய கம்பெனி அவற்றை வாங்கிக்கொள்ளும்.

நான் வாலாஜாபாத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். டிப்ளமா முடித்தவன், இருபத்தேழு வயது, கல்யாணம் ஆகாதவன். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா வைத்திருப்பேன். ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. அந்தச் சிவப்புப் பேனாவின் மேல் எனக்கு அப்போது ஒரு தனிப் பெருமை.

அது 1991, எங்கள் ஊர்ப்பக்கத்தின் பெயர் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்த வருடம். மே மாதத்துக்குப் பிறகு, எங்கே வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டு, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் என்று சொன்னால் போதும். பஸ்ஸில் முன் சீட்டுக்காரர்கூடத் திரும்பிப் பார்ப்பார். சில மாதங்கள் வரை சாலையில் போலீஸ் பஸ்ஸை நிறுத்தி டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்தது. என் அம்மா கட்டிக்கொடுத்த எலுமிச்சை சாதத்தை ஒரு கான்ஸ்டபிள் முகர்ந்து பார்த்துவிட்டு, "வாசனையா கீதே" என்று பாராட்டியிருக்கிறார்.

சாலையில் இவ்வளவு பார்த்தார்கள். கம்பெனிக்குள் என்ன ஆபத்து இருக்கிறது என்று யாரும் பார்த்ததில்லை. நாங்களும் பார்த்ததில்லை.

நாற்பத்தேழு ஆபத்துகள்

மழைக்காலம் தொடங்கிய சமயத்தில் சென்னைக் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. உங்கள் தொழிற்சாலையில் எங்கெங்கே என்னென்ன ஆபத்து நேரக்கூடும், அதைத் தடுக்க என்ன செய்திருக்கிறீர்கள் என்று எழுத்தில் கொடுங்கள் என்றது கடிதம். இல்லாவிட்டால் ஆர்டர் கிடையாது என்பது அதில் எழுதாத வரி.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"குணா, உங்க கையெழுத்து நல்லாருக்கும். ஒரு லிஸ்ட் போட்டுடுங்க. ரெண்டு நாள் போதுமில்ல?"

எனக்கு ஒரு நாளே போதுமாக இருந்தது. அட்டையில் தாளைச் செருகிக்கொண்டு வாசலிலிருந்து பின்கட்டு வரை நடந்தேன். மூடியில்லாத மின்விசிறி. பிளக் இல்லாமல் ஒயரை நேராகச் செருகிய கிரைண்டர். உடைந்த படி. பிரஸ் மிஷினில் விரல் சிக்காமலிருக்க இரண்டு கையாலும் அழுத்த வேண்டிய பட்டன்களில் ஒன்றை ரப்பர் போட்டுக் கட்டிவைத்திருந்தது. எல்லாவற்றையும் நம்பர் போட்டு எழுதினேன். சாயங்காலம் எண்ணிப் பார்த்தால் நாற்பத்தேழு.

தலைப்புக்குக் கீழே சிவப்பில் கோடு போட்டேன். இதைப் பார்த்து மேனேஜர் அசந்துவிடுவார் என்று நினைத்தேன்.

அந்த நாற்பத்தேழில் தொட்டியும் ஒன்று. "தொட்டியைச் சுற்றிக் கைப்பிடி இல்லை. தவறி விழ வாய்ப்பு" என்று எழுதியிருந்தேன். விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்த நான், தினம் அதற்குள்ளிருந்து என்ன வருகிறது என்று யோசிக்கவில்லை.

அந்தத் தொட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயிண்ட் பூசுவதற்கு முன் தகட்டில் ஒட்டியிருக்கும் எண்ணெயைப் போக்க வேண்டும். அதற்காகத் தொட்டியின் அடியில் ஒரு திரவத்தை ஊற்றிச் சூடாக்குவோம். ட்ரைக்ளோர் என்று கூப்பிடுவோம். ஆவி கிளம்பும். கூடையில் தகடுகளை அடுக்கி அந்த ஆவிக்குள் இறக்கினால் எண்ணெய் தானே வழிந்து கீழே போய்விடும். தகடு பளபளவென்று வெளியே வரும். இனிப்பாக ஒரு வாசனை அடிக்கும். கெட்ட வாசனை அடிக்காததால் அதை யாரும் சந்தேகப்பட்டதில்லை.

வெள்ளி மாலை திரவத்தை இறைத்துவிட்டு, சனிக்கிழமைதோறும் ஒருவர் ஏணியில் இறங்கி, அடியில் படிந்த கசடைச் சுரண்டி வாளியில் போட்டு மேலே அனுப்புவார். இரண்டு வருடமாக அந்த ஒருவர் பெருமாள்.

பெருமாள்

பெருமாள் வடக்குப்பட்டுக்காரர். அப்போது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். நிலத்தில் வேலை பார்த்தவர், கான்ட்ராக்ட் ஆளாகக் கம்பெனிக்கு வந்தார். அதிகம் பேசமாட்டார். கொடுத்த வேலையைச் செய்துவிட்டு, குழாயடியில் முழங்கை வரை கழுவிக்கொண்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

அவரைப் பற்றிக் கம்பெனியில் ஒரே ஒரு புகார்தான். சனிக்கிழமைகளில் குடித்துவிட்டு வேலை செய்கிறார்.

அந்தப் புகாரை எழுதியவன் நான்.

என் கண்ணால் பார்த்தேன். தொட்டியிலிருந்து ஏறி வருவார், கால் ஒரு பக்கம் போகும், உடம்பு ஒரு பக்கம் போகும். நாக்கு குழறும். ஒரு தடவை காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டு நின்றார். கண் சிவந்திருந்தது. வேறு என்ன நினைப்பேன்?

"சாமி மேல ஆணையா குடிக்கல சார்" என்றார் முதல் தடவை.

"வாயை மூடிக்கிட்டுப் போய் முகம் கழுவு" என்றேன். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவரை நான் அப்போது ஒருமையில்தான் பேசினேன். எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் அது நடந்தது.

மெமோ கொடுத்தேன். இரண்டு நாள் சஸ்பெண்ட். ஆறு மாதம் கழித்து இன்னொரு மெமோ. அந்தத் தடவை அவர் குடிக்கவில்லை என்றுகூடச் சொல்லவில்லை. காகிதத்தை வாங்கி நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

நான் பட்டியல் போட்ட அந்த வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை, தொட்டியிலிருந்து ஏறி வந்தவர் தடுமாறி, பெயிண்ட் பூசிய தகடுகள் இருந்த தள்ளுவண்டி மேல் சாய்ந்துவிட்டார். வண்டி கவிழ்ந்தது. மூன்றாவது மெமோவை எழுதி மேனேஜர் மேசையில் வைத்தேன். கான்ட்ராக்ட் ஆளுக்கு மூன்றாவது மெமோ என்றால் வீட்டுக்கு அனுப்புவது. மேனேஜர் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

மாத்திரை நோட்டு

எஸ்தர் பேக்கிங் பிரிவில் வேலை பார்த்தார். குன்றத்தூரிலிருந்து வருவார். முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயது. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் உதவியாளாக இருந்தவர் என்பதால் முதலுதவிப் பெட்டியின் சாவி அவரிடம் இருந்தது. எல்லோருக்கும் அவர் எஸ்தரக்கா. சூப்பர்வைசர் என்ற கெத்தில் நான் மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன்.

பெட்டியில் என்னென்ன மருந்து இருக்கிறது என்று பட்டியலில் சேர்ப்பதற்காக அவரிடம் போனேன். அவர் என் தாள்களை வாங்கி, நின்றபடியே முதலிலிருந்து கடைசி வரை படித்தார்.

"இன்னா சார் இது, பூரா மிசினா கீது. மனுசன் ஒருத்தனையும் காணோமே?"

"ஆபத்து மிஷின்லதானே எஸ்தர் இருக்கு?"

அவர் பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு நீளமான நோட்டை எடுத்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் கோடு போட்ட நோட்டு. ஒவ்வொரு வரியிலும் தேதி, பெயர், என்ன கொடுத்தது. யாரும் அவரை எழுதச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் பழகிய பழக்கம்.

"இத பாருங்க."

தலைவலி மாத்திரை, பெருமாள். பக்கத்தைத் திருப்பினார். தலைவலி மாத்திரை, பெருமாள். இன்னொரு பக்கம். வாந்தி, உப்புச் சர்க்கரைத் தண்ணீர், பெருமாள். எல்லாத் தேதிக்கும் பக்கத்தில் அவர் ஒரு சின்ன 'ச' போட்டிருந்தார். சனிக்கிழமை.

"குடிச்சா தலை வலிக்கத்தானே செய்யும்?" என்றேன்.

"நானும் அப்டித்தான் சார் நெனச்சிகினு இருந்தேன்" என்று சொல்லிவிட்டு, கடைசிப் பக்கத்துக்கு வந்தார். "பெருமாள் ரெண்டு வாரத்துக்கு முன்னாடி ஒரு சாவுக்குப் போனாரு இல்ல? அன்னிக்கு யாரு தொட்டில எறங்குனது?"

யோசித்தேன். "நம்ம சீனு."

சீனு பேக்கிங்கில் பெட்டி அடிக்கிற ஆள். அன்றைக்கு ஆள் இல்லாததால் நான்தான் அனுப்பினேன்.

எஸ்தர் விரலை வைத்துக் காட்டினார். தலைவலி மாத்திரை, சீனு. ச.

"இங்க வந்து உக்காந்தவன், எழுந்து நிக்க முடியல. நாக்கு குழறுது. சிரிக்கிறான். சீனு சபரிமலைக்கு மாலை போட்டு கீறான் சார். விடியக்காலைல பச்சத் தண்ணில குளிச்சி, செருப்புகூடப் போடாம வர்றான். அவன் குடிச்சிருப்பானா?"



நான் அந்த நோட்டை வாங்கித் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பிறகு ஸ்டோருக்குப் போய் ட்ரைக்ளோர் பீப்பாயைச் சுற்றி வந்தேன். அதன் மேல் ஒட்டியிருந்த காகிதத்தில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் எல்லாமே போட்டிருந்தது. ஆவி காற்றைவிடக் கனமானது. தாழ்ந்த இடத்தில் தங்கும். மயக்கம், தள்ளாட்டம், குழறல், அதிகமானால் மரணம். அந்தக் கம்பெனியில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்த சிலரில் நான் ஒருவன். இரண்டு வருடமாக அந்தப் பீப்பாய்களுக்குக் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்தவனும் நான். ஒரு நாளும் அதைப் படித்ததில்லை.

மேனேஜர் அறையில்

எஸ்தரையும் அழைத்துக்கொண்டு மேனேஜரிடம் போனேன். அவர் நோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"குணா, தலைவலியெல்லாம் ஒரு ஆக்சிடென்ட்டா? எனக்குத்தான் தினம் தலைவலி."

"சார், சீனு மாலை போட்டிருக்கார்."

"இன்னொரு ஆளுக்கு ஒரு நாள் தலை சுத்திச்சு. காலைல சாப்பிடாம வந்திருப்பான். விரதம் வேற. இத வெச்சு நான் தொட்டியை நிறுத்தினா பெயிண்ட் ஷாப் நிக்கும். பெயிண்ட் ஷாப் நின்னா எல்லாம் நிக்கும். சென்னைக் கம்பெனிக்கு என்ன சொல்றது? மாத்திரை நோட்டுல எழுதியிருக்குன்னா?"

அவர் கெட்டவர் இல்லை. பின்னாளில் எனக்கு நிறைய நல்லது செய்தவர். அன்றைக்கு அவர் நின்ற இடத்தில் நின்றிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஒரு வாரத்துக்கு முன்னால் வரை நானும் அந்த இடத்தில்தான் நின்றேன்.

"சரி சார். சனிக்கிழமை நான் இறங்கறேன்" என்றேன். "நான் குடிக்கறதில்லன்னு உங்களுக்குத் தெரியும். காலைல இட்லி சாப்பிட்டுட்டு வர்றேன். நீங்க பக்கத்துல நின்னு பாருங்க."

வெளியே வந்ததும் எஸ்தர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு வருசத்து நோட்டு பத்தாதா சார் அவருக்கு? நீங்க வேற போய் உளுவணுமா?"

"வேற வழி தெரியல எஸ்தர்."

"அப்ப என் பேச்சக் கேளுங்க. கயிறு கட்டாம எறக்க மாட்டேன். உங்களுக்கு இன்னா ஆனாலும் மேலேர்ந்துதான் இழுக்கணும். காப்பாத்தறேன்னு இன்னொருத்தன் உள்ள குதிக்கக் கூடாது. நான் ஆஸ்பத்திரில இருக்கசொல்ல கெணத்துல எறங்குன ஒருத்தனத் தூக்கினு வந்தாங்க. அவனக் காப்பாத்த எறங்குன ரெண்டு பேரையும் பின்னாடியே தூக்கினு வந்தாங்க. மூணும் பொணம்."

இதை எழுதும்போது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் செய்தது முட்டாள்தனம். ஒரு ஆபத்தை நிரூபிக்க யாரும் அதற்குள் இறங்கத் தேவையில்லை. பிற்காலத்தில் என்னிடம் வேலை பார்த்த யாராவது இப்படிச் செய்திருந்தால் அன்றே வேலையிலிருந்து எடுத்திருப்பேன். எஸ்தர் சொன்னதுதான் சரி. அந்த நோட்டு போதும்.

உள்ளே

ஏணியில் இறங்கினேன். திரவத்தை முந்தின மாலையே இறைத்தாகிவிட்டது. அடியில் கருப்பாகக் கசடு. சுரண்டும் தகட்டால் வேலையை ஆரம்பித்தேன்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. இனிப்பு வாசனை மட்டும். பழக்கடையில் அழுகப்போகிற பழத்தின் வாசனை மாதிரி. இவ்வளவுதானா என்று தோன்றியது. பெருமாள் மேல் பழைய சந்தேகம்கூட ஒரு கணம் தலைதூக்கியது.

ஒரு வாளி மேலே போனது. இரண்டாவது வாளியை நிரப்பும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. காரணம் தெரியவில்லை. மழை சத்தம் வெகு தூரத்தில் யாரோ கைதட்டுவது போல் கேட்டது. சிரிப்பு வந்தது.

இதற்குப் பிறகு நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நான் மேலே நிமிர்ந்து பார்த்து, "டேய் ராமநாதா, உன் டெலிவரி என்னடா ஆச்சு?" என்று கேட்டிருக்கிறேன். மேனேஜர் கட்டியிருந்த கையை இறக்கிவிட்டார். எஸ்தர் உடனே, "இழுங்க!" என்று கத்தியிருக்கிறார். அதற்குள் என் கால் மடங்கிவிட்டது.

நான் கசடின் மேல் குப்புற விழுந்ததைப் பார்த்ததும் பெருமாள் கயிற்றை விட்டுவிட்டு ஏணிக்கு ஓடினார். ஒரு காலை உள்ளேயும் வைத்துவிட்டார். எஸ்தர் அவர் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். சட்டை கிழிந்தது.

"எறங்காதய்யா! கயித்தப் பிடி! நீ கயித்தப் பிடிச்சாத்தான் அவரு வெளிய வருவாரு!"

பெருமாள் திரும்பி வந்து பிடித்தார். அவர் பிடித்த பிறகுதான் நான் தரையை விட்டு எழுந்தேன் என்று சீனு பிறகு சொன்னார். அப்படி இழுத்தாராம்.

எனக்கு நினைவு திரும்பியபோது ஷெட்டுக்கு வெளியே கிடந்தேன். முகத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. ஈர மண்ணும் வேப்ப மரமும் கலந்த காற்று. இத்தனை வருடம் மூச்சு விட்டிருக்கிறேன், அதுபோல ஒரு காற்றை மறுபடி நான் சுவாசித்ததில்லை. வாந்தி எடுத்தேன். தலைக்குள் யாரோ சுத்தியலால் அடித்தார்கள். எழுந்து உட்காரப் பார்த்தேன், உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது.

பெருமாள் என் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். கிழிந்த சட்டையால் என் வாயைத் துடைத்துவிட்டார்.

"இப்டித்தான் சார் இருக்கும்" என்றார். "அசையாதீங்க. சாயங்காலம் வரிக்கும் இப்டித்தான் இருக்கும்."

குத்திக்காட்டவில்லை. எனக்கு ஆறுதல் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை. நான் அழுதேன். மழையில் யாருக்கும் தெரிந்திருக்காது.

மூன்றாவது தாள்

காஞ்சிபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தேன். மேனேஜர் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்தார். 

"நல்லா குடிச்ச ஆள் மாதிரியே பேசினீங்க குணா" என்றார். "நானே பார்க்கலைன்னா நம்பியிருக்க மாட்டேன்."

அவர் சொன்னது உண்மை. அதுதான் இன்றும் உறுத்துகிறது. பெருமாள் இரண்டு வருடம் தள்ளாடியதை யாரும் சாட்சியாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் கால் மணி நேரம் தள்ளாடியது சாட்சியாகிவிட்டது.

மூன்றாவது மெமோ கையெழுத்தாகவில்லை. முதல் இரண்டையும் பைலிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். பதிவான காகிதத்தை எடுக்க முடியாது என்றார்கள். அப்படியானால் இன்னொரு காகிதத்தைச் சேர்க்கலாம் அல்லவா? நானே எழுதினேன். 'மேற்கண்ட இரண்டு நாட்களிலும் திரு. பெருமாள் மது அருந்தியிருக்கவில்லை. தொட்டியின் ஆவியால் பாதிக்கப்பட்டிருந்தார். விசாரிக்காமல் புகார் எழுதியது என் தவறு' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அதுவரை அவர் பெயருக்கு முன்னால் நான் 'திரு' போட்டதில்லை.

தொட்டிக்குள் ஆள் இறங்குவது அந்த வாரமே நின்றது. எப்படிச் சுத்தம் செய்வது என்று நாங்கள் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, வழி சொன்னவர் பெருமாள்தான். நீளக் குழாயின் முனையில் சுரண்டும் தகட்டை வளைத்துப் பற்றவைத்து, மேலே நின்றபடியே கசடை ஓரத்துக்குத் தள்ளி, அதே மாதிரி ஒரு நீளக் கரண்டியால் அள்ளலாம் என்றார். அப்போதும் அடியிலிருக்கும் ஆவியை முதலில் ஊதித் தள்ள ஒரு ப்ளோயர் வைத்தோம். மூன்று மணி நேர வேலை ஐந்து மணி நேரமானது. டெலிவரி நின்றுவிடவில்லை.

"இத ஏன் முன்னாடியே சொல்லல?" என்று கேட்டேன்.

"குடிகாரன் பேச்ச யாரு சார் கேப்பாங்க?" என்றார், சாதாரணமாக.

நாற்பத்தேழு வரிப் பட்டியலை நான் அனுப்பவில்லை. எஸ்தரோடு உட்கார்ந்து புதிதாக எழுதினேன். ஒவ்வொரு மிஷினுக்கும் பக்கத்தில் அதில் நிற்கிற ஆள், அவர் எத்தனை மணி நேரம் நிற்கிறார், மாத்திரை நோட்டில் அவர் பெயர் எத்தனை தடவை வந்திருக்கிறது என்று சேர்த்தோம். எஸ்தர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஒரு மாதம் ஆனது. அந்தப் பட்டியல்தான் பிறகு எனக்கு வேலையாகவும் வாழ்க்கையாகவும் ஆனது.

எத்தனையோ கம்பெனிகளில் எத்தனையோ பேருக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். எனக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று யாராவது கேட்டால், பெட்டி அடுக்கிக்கொண்டே கோடு போட்ட நோட்டில் எழுதிய ஒரு பெண் என்று சொல்வேன். எஸ்தரிடம் நேரில் இதைச் சொன்னபோது, "அந்தக் கயித்த இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டியிருக்கணும் சார்" என்று சிரித்தார்.

வடக்குப்பட்டில்

பைலில் காகிதம் சேர்த்ததோடு என் கணக்கு முடிந்துவிட்டது என்று நான் நினைத்தேன். எஸ்தர் விடவில்லை.

"கம்பெனில எழுதிட்டீங்க. அவரு வூட்ல யாரு சொல்றது?"

"வீட்ல என்ன?"

"மெமோ வந்தா வூட்டுக்குத் தெரியாதா? போய்ப் பாருங்க சார்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் போனோம். மழை விட்டிருந்தது. ஏரி நிறைந்து கலங்கலாகக் கிடந்தது. பெருமாள் எங்களைப் பார்த்ததும் பதறி, பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு நாற்காலி வாங்கி வந்தார். அவர் மனைவி கன்னியம்மா வாசற்படியிலேயே நின்றார். முகம் இறுகியிருந்தது. மறுபடி ஏதோ புகார் வந்திருக்கிறது என்று நினைத்திருக்க வேண்டும்.

நான் சொன்னேன். தொட்டி, ஆவி, நான் விழுந்தது, நான் எழுதிய மெமோக்கள், எல்லாம். சுருக்கமாகச் சொல்லத்தான் நினைத்தேன், முடியவில்லை.

கன்னியம்மா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. எஸ்தரைப் பார்த்துக் கேட்டார்.

"நெசமாவா அக்கா? குடிக்கலயா?"

"குடிக்கலம்மா. என் நோட்டுல கீது. தேதி போட்டு கீது."

அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது. இரண்டு வருடமாகச் சனிக்கிழமை ஆனால், கன்னியம்மா பிள்ளைகளைத் தன் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டு உள்ளே தாழ் போட்டுக்கொள்வாராம். அவர் அப்பா குடித்தே செத்தவர். அந்தத் தள்ளாட்டம் அவருக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். பெருமாள் சைக்கிளைச் சாத்திவிட்டு வெளியே மாட்டுக் கொட்டகையில் படுத்துக்கொள்வாராம். சனிக்கிழமை அவருக்குச் சோறு கிடையாது.

கன்னியம்மா புருஷன் பக்கம் திரும்பினார்.

"ஏன்யா, வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொன்னேனே" என்றார் பெருமாள். "மொத வாரமே சொன்னேன்."

 கன்னியம்மா சட்டென்று உள்ளே போனார். பாத்திரங்கள் சத்தம் கேட்டது. பெருமாள் எங்களைப் பார்க்காமல், தரையில் காய்ந்துகொண்டிருந்த விறகை ஒவ்வொன்றாகப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்.

மீன் குழம்பு மணம் வந்தது. ஏரி மீன். கன்னியம்மா ஒரு தட்டு நிறையச் சோறும் குழம்புமாகக் கொண்டுவந்தார். நாங்கள் இருவரும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தோம். அவர் எங்களைத் தாண்டிப் போய், பெருமாள் முன்னால் குனிந்து தட்டை வைத்தார்.

பெருமாளுக்குக் கூச்சமாகிவிட்டது. "சாரு வந்துகிறாரு. மொதல்ல அவருக்குப் போடு" என்றார்.

"நீ துன்னு" என்றார் கன்னியம்மா.  புருஷன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

பெருமாள் சாப்பிட ஆரம்பித்தார். நானும் எஸ்தரும் காத்திருந்தோம்.